2.45 ஜிகாஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது?

மைக்ரோவேவ் அடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று யாரைக் கேட்டாலும் அநேகமாக ஒரே பதில்தான் வரும். தண்ணீர் மூலக்கூறுக்கு 2.45 ஜிகாஹெர்ட்ஸ் என்று ஓர் இயல்பான அதிர்வெண் இருக்கிறதாம். அடுப்பு அதே அதிர்வெண்ணில் அலையை அனுப்புவதால் தண்ணீர் ஒத்ததிர்வு அடைந்து சூடாகிறதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியில்லை. சரி, அப்ப இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கதை சமையலறையில் தொடங்கவில்லை, ரேடாரில் தொடங்குகிறது.

1940 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்ற இருவர் கேவிட்டி மேக்னட்ரான் ஒன்றை இயக்கிக் காட்டினார்கள். அதிலிருந்து வந்த அலையின் நீளம் சுமார் 10 சென்டிமீட்டர். அதுவரை பிரிட்டனின் கடற்கரை ரேடார்கள் மீட்டர் கணக்கான அலைகளை நம்பியிருந்தன, அதற்கு மாபெரும் கோபுரங்கள் வேண்டும். 10 சென்டிமீட்டர் என்றால் ஆண்டெனாவை விமானத்துக்குள்ளேயே வைத்துவிடலாம். அந்த வருடம் செப்டம்பரில் டிசார்ட் குழு இந்தக் கருவியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது.

அங்கே ரேதியான் நிறுவனத்தில் இதைப் பெருமளவில் செய்ய வழி கண்டவர் பெர்சி ஸ்பென்சர், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காதவர். நாளுக்கு 17 ஆக இருந்த உற்பத்தி 2,600 வரை போனது. மேக்னட்ரான் அருகே நின்றபோது அவர் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ரேடியோ அலையால் சமைப்பது அதற்கு முன்பே நடந்திருக்கிறது. 1933 சிகாகோ கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் 60 மெகாஹெர்ட்ஸ் அலையில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சமைத்துக் காட்டியது. ஸ்பென்சர் கையில் கூடுதலாக இருந்தது, சின்ன இடத்தில் கிலோவாட் கணக்கில் சக்தி தரும் மேக்னட்ரான்.

1945 அக்டோபரில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அலைநீளம் உணவுப் பொருளின் அளவோடு ஒப்பிடும்படி இருக்க வேண்டும் என்பது அதில் அவர் சொல்லும் காரணம். 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாடு, தகவல் தொடர்புக்குத் தொந்தரவு வராதபடி தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. 2.45 அவற்றில் ஒன்று. ரேடார் மேக்னட்ரான்களின் 3 ஜிகாஹெர்ட்ஸுக்கு அது பக்கத்து வீடு மாதிரி. ஆக, அந்த எண்ணைத் தந்தது தண்ணீர் இல்லை, மாநாடு.

தண்ணீர் பக்கம் என்ன நடக்கிறது? தண்ணீர் மூலக்கூறில் ஒரு முனை நேர் மின்தன்மை, மறுமுனை எதிர் மின்தன்மை. மின்புலம் திசை மாறும்போதெல்லாம் மூலக்கூறும் திரும்பப் பார்க்கும். ஆனால் பக்கத்து மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து இழுப்பதால் கொஞ்சம் பின்தங்கும். நொடிக்கு 245 கோடி சுற்றுகள் நடக்கும் இந்த இழுபறியில் இழக்கப்படும் ஆற்றல்தான் சூடு. பீட்டர் டிபை என்ற இயற்பியலாளர் 1913-லேயே இதற்கான கணக்கைப் போட்டுவிட்டார்.

இந்த இழப்பு உச்சம் தொடுவது அறை வெப்பநிலையில் 20 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம். அங்கே அடுப்பை இயக்கினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. அலை முழுவதையும் உணவின் மேல்தோலே குடித்துவிடும், உள்ளே எதுவும் போகாது. 2.45-ல் தண்ணீர் அரைகுறையாக உறிஞ்சுவதால்தான் அலை சில சென்டிமீட்டர் ஆழம் போகிறது. இன்னும் ஆழம் வேண்டுமென்று அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 915 மெகாஹெர்ட்ஸ் அடுப்புகளும் உண்டு.

பனிக்கட்டியில் மூலக்கூறுகள் இறுகிக் கிடப்பதால் இந்த வேகத்துக்குத் திரும்ப முடியாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த சாம்பார் ஓரத்தில் கொதிக்க, நடுவில் கல்லாக இருப்பது இதனால்தான். முதலில் உருகிய இடம் அலையை அதிகம் உறிஞ்சி மேலும் சூடாகும். டீஃப்ராஸ்ட் பொத்தான் அடுப்பை விட்டுவிட்டு இயக்குவது, சூடு உள்ளே பரவ அவகாசம் தருவதற்கு.

அப்புறம், என்னைப் போன்ற கணினிக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். அடுப்புகள் இரைச்சல் போடும் இந்த அலைவரிசையை, 1985-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் உரிமம் இல்லாத தகவல் தொடர்புக்கும் திறந்துவிட்டது. வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான் குடியேறின. சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போது உங்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை திணறினால் ரவுட்டரைத் திட்ட வேண்டாம். அடுப்பு அங்கே முன்னாலேயே குடிவந்தது.