தென் மும்பை: ஒரு தொகுதியின் பெயரும் அதன் வாக்காளர்களும்

'தென் மும்பை' என்ற சொற்சேர்க்கை நாளிதழ் வழக்கில் திசைப்பெயராக நின்றுவிடவில்லை. மலபார் ஹில்லின் மாளிகைகள், மரீன் டிரைவின் வளைந்த கடற்கரைச் சாலை, பங்குச் சந்தை, ரிசர்வ் வங்கி, தாஜ் விடுதி ஆகியவை சேர்ந்த ஒரு செல்வச் சித்திரமாகவே அது இன்று பொருள்படுகிறது. மக்களவைத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் 'இந்தியாவின் பணக்காரத் தொகுதி' என்ற அடைமொழியும் தவறாமல் திரும்பி வரும். வாக்காளர் பட்டியல் காட்டும் ஊர் வேறு. துறைமுகத் தொழிலாளர், மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர், முகமது அலி சாலைச் சந்துகளின் கைவினைஞர், கிர்காவின் சால்களில் ஒற்றை அறையில் வாழும் மராத்திக் குமாஸ்தாக் குடும்பங்கள் எனப் பட்டியலின் பெரும்பகுதி மாளிகைகளுக்கு வெளியே இருக்கிறது. இத்தொகுதியில் பெருந்தலைகள் எதிர்பாராமல் வீழ்ந்ததற்குப் பல காரணங்கள் கூறப்பட்டுள்ளன. அவர்கள் நாளிதழ்ச் சித்திரத்தை நம்பி வாக்காளர் பட்டியலை மறந்தார்கள் என்பது அவற்றுள் போதிய கவனம் பெறாத ஒன்று.

பம்பாயின் அரசியலை மொழியிலிருந்து தொடங்கிப் படிப்பதே பொருத்தம். 1920ஆம் ஆண்டு நாக்பூர் மாநாட்டில் காங்கிரஸ் தன் மாகாணக் குழுக்களை மொழிவழியே பிரித்தபோது பம்பாய் நகரம் எந்த ஒரு மொழிக்கும் உரியதாக்கப்படவில்லை. மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் தனித்தனிக் குழுக்கள் அமைந்தன. பம்பாய்க்கு மராத்தி, குஜராத்தி இரண்டையும் மொழிகளாகக் கொண்ட தனிக்குழு ஒன்று அமைந்தது. ஆலை முதலாளிகளிலும் வணிகர்களிலும் குஜராத்தி பேசுவோர் மிகுதி. உழைப்பாளர்களில் மராத்தி பேசுவோர் மிகுதி. ஆகவே மொழிக்கேள்வி இங்கே எப்போதும் வர்க்கக் கேள்வியோடு பின்னியே வந்தது. அந்த நகரக் குழுவைத் தன் கைக்குள் வைத்திருந்தவர் சதாசிவ் கானோஜி பாட்டீல். மும்முறை மேயராக இருந்தவர், கட்சிக்கு நிதி திரட்டுவதில் நிகரற்றவர், 'பம்பாயின் முடிசூடா மன்னர்' எனப்பட்டவர். பாட்டீல் மராத்தியர்தாம். எனினும் பம்பாய் மகாராஷ்டிரத்தோடு இணைவதை அவர் எதிர்த்தார்.

1955 நவம்பரில் புளோரா பவுண்டன் அருகே திரண்ட கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அடுத்த சனவரியில் பம்பாய் மத்திய அரசின் நேரடி ஆட்சிப் பகுதியாகும் என்ற அறிவிப்பு வந்ததும் நகரம் மீண்டும் கொதித்தது. ஐக்கிய மகாராஷ்டிரப் போராட்டத்தில் உயிரிழந்தோர் தொகை 100ஐக் கடந்தது. ஐயாயிரம் ஆண்டானாலும் மகாராஷ்டிரத்துக்குப் பம்பாய் கிடைக்காது என்று பாட்டீல் சௌபாத்தியில் பேசியதாக மராத்தி மக்கள் நினைவில் பதிந்திருக்கிறது. சொற்கள் அப்படியே அவர் வாயிலிருந்து வந்தவையா என்பது இங்கே முக்கியமன்று. அவர் நிலைப்பாட்டை மக்கள் அப்படித்தான் கேட்டார்கள்.

இந்தப் பின்னணியில் 1957 தேர்தலின் வரைபடம் கூர்ந்து நோக்கத்தக்கது. நகரின் நடுவே, ஆலைப் பகுதியை உள்ளடக்கிய இரட்டை உறுப்பினர் தொகுதியில் ஐக்கிய மகாராஷ்டிரச் சமிதியின் சார்பில் பொதுவுடைமைத் தலைவர் எஸ்.ஏ. டாங்கேயும் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜி.கே. மானேயும் வென்றனர். தெற்கே பாட்டீல் வென்றார். குஜராத்தியரும் மார்வாடிகளும் பார்சிகளும் போராக்களும் செறிந்திருந்த வணிகத் தெருக்களில் சமிதியின் முழக்கம் அச்சத்தையே எழுப்பியிருக்க வேண்டும். 1960 மே 1 அன்று பம்பாயைத் தலைநகராகக் கொண்டு மகாராஷ்டிரம் பிறந்தது. ஐயாயிரம் ஆண்டுகள் ஐந்தாண்டுகளுக்குள் முடிந்துவிட்டன. ஆயினும் 1962இல் பாட்டீல் மறுபடியும் வென்றார். மொழிவழி மாநிலம் அவரை வீழ்த்தவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அவரை வீழ்த்தியவர் மராத்தியரும் அல்லர், குஜராத்தியரும் அல்லர். மங்களூரில் பிறந்த கொங்கணிக் கிறித்தவரான ஜார்ஜ் பெர்னாண்டஸ் பெங்களூரில் பாதிரியார் பயிற்சியைக் கைவிட்டு 1949இல் பம்பாய் வந்து, சௌபாத்தி மணலை ஒட்டிய இருக்கைகளில் உறங்கி, நாளிதழ் ஒன்றில் மெய்ப்புத் திருத்துநராக வேலை பார்த்தார். துறைமுகத் தொழிலாளர் தலைவர் பிளாசிட் டி'மெல்லோவிடம் சங்கப் பணி கற்றார். டாக்சி ஓட்டுநர்கள், மாநகராட்சி ஊழியர்கள், உணவக ஊழியர்கள் என ஆலைக்கு வெளியே சிதறிக் கிடந்த உழைப்பாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். பம்பாயின் இடதுசாரிகள் பஞ்சாலையையே தொழிலாளர் இயக்கத்தின் இதயமாகக் கருதிய காலம் அது. ஆலை இல்லாத தெற்கில் தொழிலாளர் அரசியலுக்கு இடமில்லை என்ற எண்ணம் அதிலிருந்தே பிறந்தது. ஆனால் செல்வர் குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும் சமையற்காரர், ஓட்டுநர், காவலர், குப்பை அள்ளுவோர் வேண்டும்; அவர்கள் அருகிலேயே எங்கோ நெருக்கியடித்து வாழ்ந்தாக வேண்டும். பெர்னாண்டஸ் கண்டுகொண்டது இந்த எளிய நிலவியலைத்தான். அவருக்குத் தமிழ் உள்ளிட்டுப் பத்து மொழிகள் தெரியும் என்பர். ஒரே தெருவில் நான்கு மொழி கேட்கும் ஊரில் அது அலங்காரமன்று, தொழிற்கருவி.

1967 பொதுத்தேர்தலில் பாட்டீல் நடுவண் அரசின் ரயில்வே அமைச்சர். பெர்னாண்டஸ் சம்யுக்த சோசலிசக் கட்சியின் 36 வயது மாநகராட்சி உறுப்பினர். தன்னைக் கடவுளாலும் தோற்கடிக்க முடியாது என்று பாட்டீல் சொல்ல, கடவுளால் முடியாது, உங்களால் முடியும் என்று பெர்னாண்டஸின் ஆட்கள் சுவரொட்டி ஒட்டினார்கள் என்ற கதை இத்தேர்தலைப் பற்றி எழுதுவோர் பலராலும் சொல்லப்படுகிறது. மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அதற்குச் சற்றே வேறுபட்ட வடிவங்கள் உண்டு. எல்லா வடிவங்களிலும் மாறாமல் நிற்பது முன்னிலை. கடவுளும் பாட்டீலும் மட்டும் இருந்த ஒரு வாக்கியத்துக்குள் 'நீங்கள்' என்ற மூன்றாமவர் நுழைகிறார். பதினைந்து ஆண்டுகளாக மன்னர், மக்கள் என்று பேசிப் பழகிய நகரில் இந்த இலக்கண மாற்றம் சிறிதன்று. பாட்டீல் தோற்றார். அதே தேர்தலில் விருதுநகரில் காமராசர், வங்கத்தின் பாங்குராவில் அதுல்ய கோஷ் எனக் காங்கிரசின் 'சிண்டிகேட்' தலைவர்கள் ஒருசேரச் சாய்ந்தது பரவலாக அறியப்பட்டதே. பாட்டீல் 1969இல் இடைத்தேர்தல் வழியே மக்களவைக்குத் திரும்பியபோது அவருக்கு இடம் கொடுத்தது குஜராத்தின் பனாஸ்காண்டா. வென்ற பெர்னாண்டஸோ 1974இல் மாபெரும் ரயில்வே வேலைநிறுத்தத்தை நடத்தி, 1989இல் தாமே ரயில்வே அமைச்சரானார்.

இவ்வெற்றியின் காலப் பொருத்தமும் கவனிக்கத்தக்கது. சிவசேனை தொடங்கப்பட்டது 1966 சூனில். அதன் முதல் இலக்கு நகரின் தென்னிந்தியர்கள். அதே 1967இல் வடகிழக்குத் தொகுதியில் வி.கே. கிருஷ்ண மேனனுக்கு எதிராகக் காங்கிரசின் எஸ்.ஜி. பர்வேக்குச் சேனை துணை நின்றது, மேனன் தோற்றார். நகரின் ஒரு முனையில் மலையாளி என்பது சுமையாகியது. மறுமுனையில் மங்களூர்க்காரர் என்பது தடையாகவில்லை. மேனனுக்குப் பின்னால் சங்கம் இல்லை என்பதே இவ்வேறுபாட்டைப் பெரிதும் விளக்கும்.

பின்வந்த ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 1971இல் இந்திரா அலையில் தொகுதி காங்கிரசுக்குத் திரும்பியது. 1977, 1980 இரண்டிலும் ஜனதாவின் ரத்தன்சிங் ராஜ்தா. 1984 முதல் முன்னாள் மேயர் முரளி தியோரா. 1996இலும் 1999இலும் பாஜகவின் ஜெயவந்திபென் மேத்தா தியோராவை வென்றார். இடையே 1998இல் தியோரா மீண்டார். 2004இல் தியோராவின் மகன் மிலிந்த் தம் 27ஆம் வயதில் மேத்தாவைச் சுமார் 10,000 வாக்குகளில் தோற்கடித்தார். காங்கிரசும் பாஜகவும் தமக்குள் கைமாற்றிக்கொண்ட வணிகத் தொகுதி என்ற சித்திரம் உறுதிப்பட்டது இக்காலத்தில்தான்.

அச்சித்திரத்தைக் காத்தது ஒரு வரைபடம். 1976இன் 42ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தொகுதி எல்லைகளை 1971 மக்கள்தொகைக் கணக்கின்மீது உறையவைத்தது. கொலாபா, மும்பாதேவி, மலபார் ஹில், ஓபரா ஹவுஸ், கேத்வாடி, உமர்காடி ஆகிய சட்டமன்றத் தொகுதிகளே முப்பது ஆண்டுகளுக்குத் தென் பம்பாயாக இருந்தன. கூப்பிடு தூரத்தில் நிகழ்ந்த பேரழிவு அதன் எல்லைக்கு வெளியே நின்றது. 1982 சனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2,50,000 தொழிலாளர் இறங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பவே இல்லை. 1984இல் இந்திரா அனுதாப அலைக்கு நடுவிலும் தென்மத்தியத் தொகுதி சாமந்தைத் தேர்ந்தெடுத்தது. அதே நாளில் பக்கத்துத் தொகுதி தியோராவைத் தேர்ந்தெடுத்தது. பின்னர் 1991 முதல் 2004 வரை ஐந்து தேர்தல்களில் அந்த ஆலைத் தொகுதி சிவசேனையின் மோகன் ராவ்லேயிடம் இருந்தது. செங்கொடி பறந்த சால்களில் காவிக்கொடி ஏறியதைத் தனியே எழுத வேண்டும்.

2001 கணக்கெடுப்பின்படி எல்லைகளை மறுவரையறை செய்தபோது நகரத்தீவின் மக்கள்தொகை சுமார் 33 இலட்சம், புறநகரின் மக்கள்தொகை சுமார் 86 இலட்சம். மும்பைக்கான ஆறு இடங்கள் மாறவில்லை. அவற்றின் எடை வடக்கே நகர்ந்தது. தெற்கு விரிந்தாக வேண்டும். 2008இல் வொர்லி, சிவ்டி, பைகுல்லா ஆகியவை கொலாபா, மும்பாதேவி, மலபார் ஹில்லோடு சேர்க்கப்பட்டன. மராத்தியில் 'கிர்காவ்' என்றால் மலையூர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பொருள். 'கிரண்காவ்' என்றால் ஆலையூர். ஓசையால் ஒட்டியும் எல்லையால் பிரிந்தும் கிடந்த இவ்விரண்டும் முதன்முறையாக ஒரே மக்களவைத் தொகுதிக்குள் வந்தன. பெயர் மட்டும் பழையது. பேச்சுவழக்கில் 'தென் மும்பை' இன்னமும் மலபார் ஹில்லையே குறிக்கிறது. அரசிதழில் அது லோயர் பரேலின் சால்களையும் குறிக்கிறது.

விளைவு உடனே தெரியவில்லை. 2008 நவம்பரில் தாஜ், ஓபராய், சி.எஸ்.டி. ரயில் நிலையம், நரிமன் இல்லம் எனத் தாக்கப்பட்ட இடங்கள் பலவும் இத்தொகுதிக்குள்ளேயே இருந்தன. மெழுகுவத்தி ஏந்திய கூட்டங்களைக் கண்டோர் வாக்குச்சாவடிகளும் நிரம்பும் என எதிர்பார்த்தனர். 2009 ஏப்ரலில் பதிவானது 40 விழுக்காட்டளவே. மிலிந்த் தியோரா வென்றார். ராஜ் தாக்கரேயின் நவநிர்மாண் சேனையைச் சேர்ந்த பாலா நாந்த்காவ்கர் இரண்டாமிடம், ஆலைத் தொகுதியிலிருந்து வந்த ராவ்லே மூன்றாமிடம். பின்னிருவரின் வாக்குகளைக் கூட்டினால் தியோராவின் வாக்குகளை விஞ்சும். மராத்தி வாக்கு பிளவுபட்டதால் புதிய வரைபடம் ஐந்தாண்டுகள் மறைந்திருந்தது, அவ்வளவே.

2014இல் அது வெளிப்பட்டது. தொலைபேசித் துறையான எம்.டி.என்.எல்.லில் தொழிற்சங்கத் தலைவராக இருந்த சிவசேனையின் அரவிந்த் சாவந்த் 1,20,000க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் தியோராவை வென்றார். 2019இல் முகேஷ் அம்பானி, உதய் கோட்டக் போன்ற தொழிலதிபர்கள் தியோராவை ஆதரித்துப் பேசிய காணொளி வெளியானது. சிறு கடைக்காரர்களும் அதில் பேசினர். மக்கள் நினைவில் நின்றது அம்பானியின் முகம்தான். தியோரா மீண்டும் ஏறத்தாழ 1,00,000 வாக்குகளில் தோற்றார். அதே ஆண்டு அக்டோபரில் வொர்லி சட்டமன்றத் தொகுதியில் களமிறங்கிய ஆதித்ய தாக்கரேவுக்காகப் பல மொழிகளில் பதாகைகள் எழுந்தன. அவற்றுள் 'கேம் ச்சோ வர்ளி' என்று குஜராத்தியில் நலம் கேட்டது பெரும் கேலிக்குள்ளானது. ஆலை இடிந்த நிலத்தில் எழுந்த அடுக்குமாடிகளின் வாக்காளர் யார் என்பதை அந்தப் பதாகை எழுதியவர் அறிந்தே இருந்தார்.

2024இல் சேனை இரண்டாகியிருந்தது. மிலிந்த் தியோரா காங்கிரசிலிருந்து விலகி ஏக்நாத் ஷிண்டேயின் சேனையில் சேர்ந்து மாநிலங்களவைக்குச் சென்றார். உத்தவ் தாக்கரே அணியின் சாவந்த், ஷிண்டே அணியின் யாமினி ஜாதவை 52,673 வாக்குகளில் வென்றார். மலபார் ஹில்லிலும் கொலாபாவிலும் முன்னிலை பெற்றவர் யாமினி. சாவந்தைக் கரைசேர்த்தவை பைகுல்லாவும் மும்பாதேவியும். 1992-93 கலவரத்தின் நினைவு அகலாத முஸ்லிம் குடியிருப்புகள் நிறைந்த பகுதிகள், பால் தாக்கரேயின் மகனது கட்சிக்கு வாக்களித்தன. சேனையின் கோட்டை என்று பேசப்பட்ட வொர்லியில் சாவந்தின் முன்னிலை 7,000க்கும் குறைவு. அவ்வாண்டு நவம்பரில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் ஆதித்ய தாக்கரேவை எதிர்த்து அதே வொர்லியில் நின்றவர் மிலிந்த் தியோரா. 8,801 வாக்குகளில் தோற்றார்.