அடைப்புக்குள் போன ஆர்கான்

இரும்பின் எலக்ட்ரான் அமைப்பை முழுதாக எழுதினால் 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶ 3டி⁶ 4எஸ்² என்று ஒரு வரியே போய்விடும். பிளஸ் ஒன் மாணவர் அதை [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்² என்று முடித்துவிடுகிறார். இந்தச் சுருக்கத்தில் உள்ள எழுத்துகளும் வாயுவும் வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்தவை.

எழுத்துகள்தான் மூத்தவை. 1870களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் லிவிங்கும் டூவரும் (வெற்றிடக் குடுவைக்குப் பேர்போன அதே டூவர்) சோடியம், பொட்டாசியம் ஆவிகளின் நிறமாலையில் சில கோடுகள் கூர்மையாகவும் சில கலைந்தும் தெரிவதைக் குறித்துவைத்தார்கள். ஸ்வீடனின் ரிட்பெர்க் அவற்றை வரிசைகளாகப் பிரித்தார். ஷார்ப், பிரின்சிபல், டிஃப்யூஸ்; பிற்பாடு ஃபண்டமென்டலும் சேர்ந்தது. எலக்ட்ரானே 1897இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது! கோடுகளுக்கு வைத்த பெயர்களின் முதலெழுத்துகள் பின்னர் ஆர்பிட்டால்களுக்குப் போயின. எஸ் என்றால் ‘ஸ்பெரிக்கல்’ என்று டியூஷனில் சொல்லித்தருபவர்கள் உண்டு. அந்தப் பொருத்தம் தற்செயல்.

வாயுவின் கதை ஓர் எடைக் குழப்பத்தில் தொடங்குகிறது. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், அம்மோனியாவிலிருந்து எடுத்ததைவிட சுமார் அரை சதவீதம் கனத்தது. இயற்பியலாளர் ரேலே அதை அலட்சியப்படுத்தவில்லை. காற்றின் நைட்ரஜனைச் சூடான மெக்னீசியத்தின் மீது வேதியியலாளர் ராம்சே திரும்பத் திரும்பச் செலுத்த, எதோடும் சேராத மிச்சம் ஒன்று தங்கியது. அதுதான் 1894இல் அறிவிக்கப்பட்ட ஆர்கான். தனிம அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஒட்டிய மூலக்கூறோ என்று மெண்டலீவே சந்தேகப்பட்டார். 1898இல் நியானும் கிரிப்டானும் செனானும் வந்த பிறகு சந்தேகத்துக்கு வழியில்லை.

இயற்பியலாளர்கள் போரும் பவுலியும் 1920களில் எலக்ட்ரான்கள் அடுக்கடுக்காக நிரம்பும் விதத்தைத் தெளிவாக்கியபோது, எதோடும் சேராத அந்தக் குணமே தகுதியாகிவிட்டது. ஆர்கானின் 18 எலக்ட்ரான்கள் இரும்புக்குள்ளும் அதே வரிசையில் இருக்கின்றன, வேதிவினைகளில் தலையிடுவதில்லை. அதனால் அவற்றை மூட்டை கட்டி அடைப்புக்குள் வைக்கலாம்.

அடைப்புக்கு வெளியேதான் மதிப்பெண் போகிறது. காலியத்தை [ஆர்கான்] 4எஸ்² 4பி¹ என்று எழுதுபவர்களுக்குக் கூட்டினால் 21 வரும். வர வேண்டியது 31. விட்டுப்போனது 3டி¹⁰. சும்மா இருப்பதுபோல் தோன்றினாலும், அந்தப் பத்தும் அணுக்கருவின் இழுவிசையைச் சரியாக மறைப்பதில்லை. அதனால்தான் காலியம் தனக்கு மேலேயுள்ள அலுமினியத்தைவிடப் பெரிதாக வளரவில்லை. குரோமியமும் தாமிரமும் 4எஸ்-இல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வேறு விதமாகப் படுத்துகின்றன. பல்லேடியம் இன்னும் மோசம்: [கிரிப்டான்] 4டி¹⁰, அவ்வளவுதான், 5எஸ் காலி.

ஆர்கான் போன்ற உயரிய வாயுக்களின் வரிசையில் கடைசி உறுப்பினரான 118ஆம் தனிமம் ஒகனெசானுக்கு 2016இல் பெயர் சூட்டினார்கள். 119 இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தால் [ஒகனெசான்] 8எஸ்¹ என்று எழுத வேண்டியிருக்கும். ஆனால் அந்த ஒகனெசானே மற்ற உயரிய வாயுக்களைப் போல ஒதுங்கி நிற்காது, வாயுவாகக்கூட இருக்காது என்கின்றன கணக்கீடுகள்.