ஏரிகளின் வருகைப் பதிவேடு

ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபரிலும் ரொறன்ரோவின் ஹம்பர் ஆற்றங்கரையில் கூட்டம் கூடும். ஸ்காபரோவில் இருப்பவர்கள் ஹைலண்ட் கிறீக் பக்கம் போவார்கள். பெரிய பெரிய சால்மன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்துத் துள்ளி ஏறுவதைப் பார்க்கத்தான் இந்தக் கூட்டம். பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, “பார், பிறந்த இடத்தைத் தேடிப் போகுது” என்று சொல்லும் அப்பாமாரையும் அங்கே காணலாம்.

ஆனால் அங்கே துள்ளுகிற சினூக் சால்மன் இந்த ஏரிக்குரிய மீன் இல்லை. அது பசிபிக் சமுத்திரத்து மீன். ஒன்ராறியோ ஏரிக்குரியது அட்லாண்டிக் சால்மன். ஆறுகளுக்குக் குறுக்கே கட்டிய அணைகளாலும், காடழிப்பாலும், அளவு மீறிய மீன்பிடியாலும் 1898 அளவில் அது இந்த ஏரியிலிருந்து முற்றாக அழிந்துவிட்டது.

அப்படியென்றால் பசிபிக் மீன் இங்கே எப்படி வந்தது? இதற்கு விடை தேடினால் கிட்டத்தட்ட இருநூறு வருடக் கதை ஒன்று வரும். இந்த ஏரிகளுக்குள் எது, எப்போது, எந்த வழியால் வந்தது என்ற கதை அது.

1829: கதவு திறந்த ஆண்டு

சுப்பீரியர், மிச்சிகன், ஹூரன், ஈரி, ஒன்ராறியோ என்ற ஐந்து பேரேரிகளும் ஒரு சங்கிலி போலத் தொடுத்திருக்கின்றன. உலகத்தில் நிலத்தின் மேல் கிடக்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றில்தான் இருக்கிறது. மேலேயுள்ள நான்கு ஏரிகளின் தண்ணீரும் நயாகரா வழியாக விழுந்து ஒன்ராறியோ ஏரிக்கு வந்து, அங்கிருந்து சென் லோறன்ஸ் ஆற்றினூடாக அட்லாண்டிக்கைச் சேர்கிறது.

நயாகரா நமக்குச் சுற்றுலா இடம். மீன்களுக்கோ அது சுமார் 50 மீற்றர் உயரச் சுவர். கடலிலிருந்து நீந்தி வருகிற எதுவும் அதைத் தாண்டி மேலே போக முடியாது. பனிக்காலம் முடிந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மேல் ஏரிகளை அந்தச் சுவர் காவல் காத்தது.

1829இல் வெலண்ட் கால்வாய் திறக்கப்பட்டது. கப்பல்கள் நயாகராவைச் சுற்றிப் போவதற்காக வெட்டிய வழி. கோதுமையும் மரமும் அந்த வழியால் போயின. யாரும் அழைக்காத சில உயிர்களும் போயின.

தாடையில்லாத விருந்தாளி

கடல் லாம்ப்ரே பார்ப்பதற்கு விலாங்கு போல இருக்கும், ஆனால் அதற்குத் தாடை கிடையாது. வாய் இருக்கும் இடத்தில் வட்டமான உறிஞ்சி ஒன்றும், அதற்குள் வரிசை வரிசையாகப் பற்களும் இருக்கும். பெரிய மீனொன்றின் விலாவில் ஒட்டிக்கொண்டு, தோலைத் துளைத்து, இரத்தம் உறையாமல் பார்த்துக்கொண்டு குடிக்கும். ஒரு லாம்ப்ரே தன் வாழ்நாளில் 18 கிலோ வரை மீன்களைக் கொல்லக்கூடியது.

அது கண்ணில் பட்ட ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள். ஒன்ராறியோ ஏரியில் 1835. ஈரியில் 1921. மிச்சிகனில் 1936. ஹூரனில் 1937. சுப்பீரியரில் 1938. ஒன்ராறியோ ஏரியில் அது ஆதியிலிருந்தே இருந்ததா, பிறகு வந்ததா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். மேல் ஏரிகளைப் பற்றி அந்தச் சந்தேகம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கால்வாயைத் திருத்தியமைத்த பிறகு, அது வழியாகத்தான் ஏறிப் போனது. ஈரியைத் தாண்டியபின் மூன்று ஏரிகளில் மூன்றே ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்துத் தென்பட்டது.

அதற்கு முன்பு கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து மேல் ஏரிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி இறாத்தல் லேக் ட்ரவுட் மீன் பிடித்தன. 1960களின் தொடக்கத்தில் அது சுமார் 3 இலட்சம் இறாத்தலாகச் சுருங்கியது. நூறு மீன் பிடித்த இடத்தில் இரண்டு மீன். கரையோர மீன்பிடிக் கிராமங்களின் தொழிலே படுத்துவிட்டது.

ஏரி இரண்டு நாட்டுக்கும் பொது என்பதால் ஒரு நாடு தனியாக எதுவும் செய்ய முடியாது. 1954இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்து பேரேரிகள் மீன்வள ஆணைக்குழுவை உருவாக்கின. ஹூரன் ஏரிக்கரையில் ஹமண்ட் பே என்ற இடத்திலிருந்த ஆய்வுகூடத்தில் வேர்னன் அப்பிள்கேற் என்பவரின் குழு வேலையைத் தொடங்கியது. லாம்ப்ரேயின் குஞ்சுகள் ஆற்று மணலுக்குள் பல வருடங்கள் புதைந்து வாழும். அங்கே வைத்தே அவற்றைக் கொல்ல வேண்டும். மற்ற மீன்கள் சாகக்கூடாது. அதற்காக ஜாடிகளில் லாம்ப்ரேக் குஞ்சுகளையும் மற்ற மீன்களையும் ஒன்றாக விட்டு, ஒவ்வொரு இரசாயனமாக ஊற்றிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 6,000 இரசாயனங்கள். கணினி இல்லாத காலத்தில், குறிப்புப் புத்தகமும் பொறுமையும் வைத்துக்கொண்டு செய்த வேலை.

கடைசியில் 1950களின் பிற்பகுதியில் டி.எஃப்.எம். என்ற இரசாயனம் அகப்பட்டது. மற்ற மீன்கள் அந்த நஞ்சை உடலுக்குள் மாற்றி வெளியேற்றிவிடும். லாம்ப்ரேக் குஞ்சுகளால் அது சரியாக முடியாது. இந்த முறையால் லாம்ப்ரேக்களின் தொகை ஏறத்தாழ 90 வீதம் குறைந்தது. சுப்பீரியர் ஏரியில் லேக் ட்ரவுட் இன்று தானாகவே பெருகுகிறது.

ஆனாலும் வேலை முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆறுகளில் குஞ்சுகளைத் தேட வேண்டும். ஆற்று வாயில்களில் பொறி வைத்து எண்ண வேண்டும். பிடிபட்ட ட்ரவுட் மீன்களின் உடம்பில் எத்தனை காயம் என்று கணக்கெடுக்க வேண்டும். 2020, 2021இல் கோவிட் காரணமாக ஆறுகளுக்கு மருந்திடுவது குறைந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் லாம்ப்ரேக்கள் மறுபடி கூடின.

அப்படியானால் சால்மன்?

லாம்ப்ரே பெரிய மீன்களைத் தின்று தீர்த்தபோது, கடலிலிருந்து வந்த இன்னொரு சிறிய மீனுக்கு யோகம் அடித்தது. அலைவைஃப் என்பது அதன் பெயர். தன்னைத் தின்ன ஆளில்லாததால் அது கட்டுக்கடங்காமல் பெருகி, 1967இல் மிச்சிகன் ஏரிக்கரையெங்கும் செத்து ஒதுங்கியது. சிக்காகோவின் கடற்கரை போன்ற மணல்வெளிகளில் நாற்றம் தாங்க முடியவில்லை என்பார்கள்.

அதைத் தின்பதற்கு ஒரு மீன் வேண்டும், மீன்பிடிக்க வருபவர்களுக்கும் ஒரு நல்ல மீன் வேண்டும். இரண்டுக்குமாக, மிச்சிகன் மாநில மீன்வள அதிகாரி ஹொவார்ட் ரானர் 1966இல் பசிபிக்கின் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டார். அடுத்த ஆண்டு சினூக். பிறகு மற்ற மாநிலங்களும் ஒன்ராறியோவும் அதே வழியில் போயின. ஹம்பரில் துள்ளும் மீனின் பூர்வீகம் இதுதான். ஒரு வெளிமீன் செய்த சேதத்தில் இன்னொரு வெளிமீன் பெருகியது. அதை அடக்க மூன்றாவதை நாமே கொண்டுவந்தோம்.

1988: பிந்திக் கண்ட மட்டி

1959இல் சென் லோறன்ஸ் கடல்வழி திறந்தது. சமுத்திரக் கப்பல்கள் நேரே ஏரிகளுக்குள் வந்தன. சரக்கில்லாத கப்பல் ஆடாமல் நிற்பதற்காகத் தொட்டிகளில் தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். அதைப் பலாஸ்ட் நீர் என்பார்கள். ஐரோப்பியத் துறைமுகத்தில் ஏற்றிய தண்ணீரை இங்கே சரக்கேற்றும்போது கொட்டுவார்கள். அதற்குள் இருக்கும் முட்டை, குஞ்சு, பாசி எல்லாம் சேர்ந்தே இறங்கும். இதைக் கனடிய அரசுக்காகச் செய்யப்பட்ட ஆய்வொன்று 1981இலேயே எச்சரித்தது. கப்பல்கள் வழக்கம்போல வந்தன.

1988 ஜூனில், ஈரிக்கும் ஹூரனுக்கும் இடையிலுள்ள சென் கிளெயர் ஏரியில் வின்ட்சர் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு ஒன்று அடிமண்ணை வாரியபோது, கல்லோடு ஒட்டியபடி விரல்நகம் அளவில் கோடுபோட்ட மட்டி ஒன்று வந்தது. கருங்கடல், கஸ்பியன் கடல் பக்கத்து வரிக்குதிரை மட்டி. அதன் வளர்ச்சியை வைத்துப் பார்த்தால் சில ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். ஒரு பெண் மட்டி ஆண்டுக்குப் பத்து இலட்சம் முட்டை வரை இடும். 1990க்குள் ஐந்து ஏரிகளிலும் அது இருந்தது. 1989 கடைசியில் மிச்சிகனின் மன்ரோ நகரத்துக்கு நீர் எடுக்கும் குழாயையே அடைத்து, ஊரைத் தண்ணீரில்லாமல் தவிக்க விட்டது.

பின்னால் அதன் உறவான குவாகா மட்டியும் வந்து ஆழத்தையும் பிடித்துக்கொண்டது. இவை தண்ணீரை வடிகட்டிக் குடிப்பதால் ஏரி கண்ணாடிபோலத் தெளிந்தது. பார்ப்பவர்கள் சுத்தமாகிவிட்டது என்று நினைத்தார்கள். உண்மையில் மீன்குஞ்சுகளின் உணவான நுண்ணுயிர்களை மட்டிகள் காலி செய்திருந்தன. ஹூரன் ஏரியில் 2004 அளவில் அலைவைஃப் குலைந்து, அதை நம்பியிருந்த சினூக்கும் அங்கே சரிந்தது. லாம்ப்ரேக்கு ஒரு மருந்து கிடைத்தது. ஏரி முழுக்கப் பரவிய மட்டிக்கு இன்றுவரை அப்படி ஒன்றும் இல்லை.

“முதலில் கண்ட ஆண்டு”

இந்த வருகைகளுக்கெல்லாம் இன்று ஒரு பதிவேடு உண்டு. அமெரிக்காவின் நோவா நிறுவனம் நடத்தும் கிளான்சிஸ் என்ற தரவுத்தளம் அது. 180க்கும் மேற்பட்ட வெளியினங்கள் அதில் உள்ளன. யாரும் திறந்து பார்க்கலாம். நான் நாளாந்தம் தரவுத்தளங்களோடு மல்லுக்கட்டுபவன். அதனால் என் கண் முதலில் ஒரு நிரலில்தான் போய் நின்றது: முதலில் கண்ட ஆண்டு. அது வந்த ஆண்டு இல்லை, யாரோ ஒருவர் கண்ட ஆண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் ஏரியின் தலைவிதி தீர்மானமாகிறது. மட்டியின் விஷயத்தில் அந்தச் சில ஆண்டுகளே போதுமாக இருந்தன.

இடைவெளியைக் குறைக்கப் புதிய வழிகள் வந்திருக்கின்றன. ஒரு போத்தல் தண்ணீரை எடுத்து, அதில் மிதக்கும் செதில், சளி ஆகியவற்றின் டி.என்.ஏ.யைப் பார்த்தே எந்த மீன் அந்தப் பக்கம் இருக்கலாம் என்று சொல்கிறார்கள். 2009இல் சிக்காகோ அருகே ஆசியக் கெண்டைகளைத் தேட இந்த முறை பயன்பட்டது.

கதவைச் சாத்தவும் முடியும். ஒரு காலத்தில் சராசரியாக 28 வாரத்துக்கு ஒரு புதிய இனம் இந்த ஏரிகளில் கண்டுபிடிக்கப்பட்டது. 2006இல் கனடாவும் 2008இல் அமெரிக்காவும், உள்ளே வரும் கப்பல்கள் வெறும் தொட்டிகளைக்கூட நடுக்கடலில் உப்புநீரால் கழுவிவிட்டு வர வேண்டும் என்று கட்டாயமாக்கின. நன்னீர் உயிர்கள் உப்பில் தாங்காது. அதன்பின் புதிய இனங்கள் வரும் வேகம் ஏறத்தாழ 85 வீதம் குறைந்துவிட்டது. செலவு குறைந்த, எளிய விதி. 1981இலேயே செய்திருக்கலாம்.

ஒரு சொல்லைப் பற்றி

இந்த உயிர்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் “அந்நியர்”, “ஆக்கிரமிப்பாளர்” என்ற பொருளில் வரும். தமிழில் சிலர் “வந்தேறி” என்கிறார்கள். நம் குடும்பங்கள் வந்த வழியை நினைத்தால் அந்தச் சொற்கள் கொஞ்சம் குத்தும். இதே சொற்களை மனிதர்கள்மேல் எறிபவர்களும் உண்டு. அந்த ஒப்பீடு அறிவியல்படியே பிழை. உயிரியலில் “இனம்” என்பது வேறு கணக்கு. மனிதர் எல்லாரும் ஒரே இனம். லாம்ப்ரேயும் மட்டியும்கூடத் தாமாகத் திட்டமிட்டு வரவில்லை. கால்வாயை வெட்டியதும் தொட்டியில் ஏற்றி வந்ததும் மனிதர்தான்.

இந்த ஏரிகளின் ஆதிக்குடிகளான அனிஷினாபே மக்களின் அமைப்புகள் சில தங்கள் ஆவணங்கள் சிலவற்றில் “ஆக்கிரமிப்பு இனம்” என்று எழுதுவதில்லை. “வேறிடத்திலிருந்து வந்த உயிர்கள்” என்ற பொருளில்தான் எழுதுகிறார்கள். அந்த உயிர் என்ன செய்கிறது என்று கவனிக்கிறார்கள், அதன்மேல் வசை ஏற்றுவதில்லை. எனக்கு அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது.

அடுத்த வரி

இன்று கதவு பெரும்பாலும் நம் வீடுகளில்தான் இருக்கிறது. ஹமில்டன் துறைமுகத்தில் இப்போது கூட்டம் கூட்டமாகத் திரியும் தங்கமீன்கள், வீட்டுத் தொட்டிகளில் வளர்த்துக் கொண்டுபோய் விடப்பட்டவற்றின் வாரிசுகள். “பாவம், சாகவிடாமல் ஆற்றில் விடுவோம்” என்று நினைப்பது நல்ல மனம்தான். ஆனால் செய்ய வேண்டாம். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். தூண்டிலுக்கு வாங்கிய உயிர்ப்புழுவையும் சிறுமீனையும் தண்ணீரில் கொட்டாதீர்கள். படகு வைத்திருந்தால், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகுமுன் கழுவி, தண்ணீர் வடித்து, காயவையுங்கள். ஒன்ராறியோவில் 2022இலிருந்து படகின் வடிகால் அடைப்பைத் திறந்து தண்ணீரை வடிப்பது சட்டம்.

2021இல் சியாட்டிலில் ஒரு செல்லப்பிராணிக் கடை ஊழியர், விற்பனைக்கு வந்த பாசிப்பந்து ஒன்றில் சின்ன மட்டி ஒன்றைக் கண்டார். தூக்கி எறியாமல் படத்தோடு அரசுத் தரவுத்தளத்துக்கு அறிவித்தார். அது வரிக்குதிரை மட்டி. தேடிப் பார்த்தபோது அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் கனடாவிலும் அதே பாசிப்பந்துகள் விற்பனையில் இருந்தன. அவசரமாகத் திருப்பி எடுத்தார்கள். அந்த ஊழியர் விஞ்ஞானி இல்லை. வழக்கத்துக்கு மாறாக ஒன்றைக் கண்டார், நேரத்தோடு சொன்னார்.

அடுத்த முறை ஏரிக்கரையில் அறியாத மீனோ மட்டியோ கண்ணில் பட்டால் ஒரு படம் எடுங்கள், இடத்தையும் திகதியையும் குறியுங்கள், மாகாணத்தின் வெளியினத் தொலைபேசி இலக்கத்துக்கோ இணையத்திலோ அறிவியுங்கள். பெரும்பாலும் அது ஏற்கெனவே தெரிந்த ஒன்றாகத்தான் இருக்கும். பரவாயில்லை. ஒருவேளை புதிதாக இருந்தால், “முதலில் கண்ட ஆண்டு” என்ற இடத்தில் எழுதப்படும் எண் சில ஆண்டுகள் முன்னதாக இருக்கும்.