பச்சையுணவும் சைவ நன்மரபும்

சிவமயம்

சித்திரைச் சதயத்தன்று பாளையம்பட்டியில் அன்பர் சிலர் கூடி அப்பரடிகள் குருபூசை நிகழ்த்தினர். வழிபாடு முடிந்து மாகேசுர பூசைக்கு இலையிட்டபோது, பந்தியில் அமர்ந்திருந்த இளைஞரொருவர் வெள்ளரிக்காயும் வாழைக்கனியும் தேங்காய்த் துண்டும் மட்டும் ஏற்று, அன்னமும் குழம்பும் வேண்டாவெனக் கைகுவித்தார். தீயிற்பட்ட உணவு உயிரிழந்ததென்றும், பச்சையாக உண்பதே முழுச் சைவமென்றும் அவர் கூறினார். அருகிருந்த முதியவரொருவர், அடியார்க்கென்று இட்ட அமுதை மறுத்தல் சிவநிந்தையாமெனச் சினந்தார். இளைஞர் இலையை விட்டெழுந்து போயினார். அன்று முதல் அவர் வழிபாட்டுக்கும் வருகின்றிலர். இருவருள் யார் கூற்று நம் நூன்முறைக்கு ஒத்ததென அவ்வூரன்பர் எம்மை வினவினர். ஒருவர் வழிபாட்டை விட்டு நீங்குதற்கு உணவு காரணமாயிற்றாகலின், இவ்வினாவைச் சிறிதென்று தள்ளுதல் தகாது. ஆதலின் பச்சையுணவின் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், சைவம் என்னுஞ் சொல்லை நோக்குவாம். உலக வழக்கில் அச்சொல் புலாலில்லா உணவைக் குறிக்கின்றது. நூல் வழக்கிலோ சிவசம்பந்தமுடையது சைவம். புலால் மறுத்தலும் கொல்லாமையும் அருளின் வழிப்பட்ட ஒழுக்கங்களாய் அதன்கண் அடங்குவன. திருவள்ளுவனார் புலால் மறுத்தலைத் துறவறவியலின்கண் 26-ஆம் அதிகாரத்தும், கொல்லாமையை 33-ஆம் அதிகாரத்தும் வைத்தமையும் இக்கருத்துப் பற்றியே. கீரையைப் பறித்துப் பச்சையாக உண்பினும் வேகவைத்து உண்பினும் பறித்தல் ஒன்றே. அருளுடைமையில் இரண்டற்கும் வேற்றுமை யாதுமில்லை. ஆதலின் பச்சையாய் உண்பது முழுச் சைவம், சமைத்துண்பது குறைச் சைவம் என்னும் பாகுபாடு நூல்களிற் காணப்படாதது.

அற்றேல், பச்சையுணவு நம் மரபிற்குப் புறம்பானதோவெனின், அன்று. அக்குருபூசைக்குரிய அப்பரடிகள் வரலாறே அதற்குச் சான்றாகும். திருக்கயிலையைக் காணும் வேட்கையால் வடதிசை நோக்கிச் சென்ற அடிகள், காசியைக் கடந்து மனிதர் செல்லலாகாக் கானகத்துட் புக்கபோது, இலையும் கிழங்கும் கனியும் உண்டலையும் தவிர்த்துத் தனியே ஏகினாரெனச் சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். தவநெறியில் நிற்போர் காட்டில் விளைந்தவற்றைக் கொண்டு உயிர்தாங்குதல் பண்டை வழக்கென்பதும், அடிகள் அதனையுங் கடந்தாரென்பதும் இதனாற் பெறப்படும். ஆயின், அவர்க்குக் கயிலைக்காட்சி கிட்டியது அவ்வுணவாலன்று, அதனைத் துறந்தமையானுமன்று. திருவையாற்றில் இறைவன் காட்டக் கண்டார். முன்னர் அவரை வருத்திய சூலைநோய் தீர்ந்ததும் திருவதிகையிற் கிடைத்த திருவருளாலேயன்றிப் பத்தியத்தாலன்று.

இனி, காரைக்காலம்மையார் வரலாற்றை நோக்குக. பசித்து வந்த அடியார்க்கு அன்னம் ஆயிற்று, கறி ஆகவில்லை. அம்மையார் அன்னத்தோடு, கணவன் விடுத்த மாங்கனியிரண்டில் ஒன்றை இட்டு அவர் பசி தீர்த்தார். தீயிலிட்ட அன்னமும் தீக்காணாக் கனியும் அவ்விலையில் ஒருங்கே இருந்தன. அடியாரும் இரண்டையும் ஏற்றார்.

இக்கரிசல் நாட்டிற்கு அணித்தாகிய இளையான்குடியில் வாழ்ந்த மாறநாயனார் வரலாறு இதனினும் தெளிவுடையது. மழையிரவில் வந்த அடியார்க்கு அமுதூட்ட வேண்டி, அன்று பகல் விதைத்த நெல்முளையை இருளிற் சென்று வாரிக்கொணர்ந்தார். விறகின்மையால் வீட்டுக் கூரையின் வரிச்சுகளை அறுத்து வீழ்த்தினார். கறிக்கு வேறின்மையால், கொல்லையில் வளராதிருந்த குறும்பயிரைப் பறித்துத் தந்தார். மனைவியார் நெல்லை வறுத்துக் குற்றிச் சோறாக்கி, அவ்வொரு பயிரையே பலவகைக் கறியாகச் சமைத்தார். முளைத்த நெல்லையும் இளங்கீரையையும் அப்படியே இலையில் இட்டிருப்பின் கூரை பிழைத்திருக்கும். அவர்கள் அங்ஙனஞ் செய்திலர். விருந்தினர்க்கு இதமாதல் ஒன்றையே கருதினர். வறண்ட நிலத்தில் அடுப்பு என்பது அன்பின் கருவியாகவும் நின்றமை இதனால் விளங்கும்.

திருக்கோயில் வழக்கிலும் இவ்விரண்டும் உடன்செல்கின்றன. பிரதோட காலத்து நந்தியெம்பெருமானுக்கு ஊறவைத்த அரிசியும் வெல்லமுங் கலந்த காப்பரிசி படைக்கின்றோம். பச்சரிசி மாவை வெல்லத்தோடு பிசைந்து மாவிளக்கேற்றி, அம்மாவையே பின்னர் உண்கின்றோம். தேங்காயும் பழமும் இல்லாத அருச்சனையில்லை. ஆயினும் உச்சிக்காலத்துத் திருவமுதென்று திருமடைப்பள்ளியிலிருந்து வருவது வெந்த அன்னமே. பச்சையுணவை இழிவென்பாரும் வெந்த உணவை இழிவென்பாரும் திருமுன்னர் நின்று இதனைச் சிந்திப்பாராக.

அண்மைக்கால வரலாற்றிற்கு வருவாம். ஐரோப்பாவில் சூரிக் நகரத்து மருத்துவராகிய பிர்ச்சர் பென்னர் என்பார், 1904-இல் ஒரு மருத்துவ நிலையந் தொடங்கி, பழமும் பச்சைக்காயும் கொட்டையுமே மருந்தெனக் கொண்டு நோயாளரை நடத்தினார். நம் நாட்டில் இதனைத் தம் உடம்பிலேயே ஆராய்ந்தவருள் தலைமை சான்றவர் காந்தியடிகள். அவர் 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் தீக்காணா உணவைச் சின்னாள் உண்டு பார்த்து, உடல் நலிவுற்றமையின் கைவிட்டார். மீண்டும் 1929-இல், இராசமகேந்திரபுரத்துச் சுந்தரம் கோபாலராவ் என்பார் ஊக்க, அம்முயற்சியை மேற்கொண்டார். முளைகட்டிய கோதுமை 8 தோலா, அரைத்த வாதுமை 8 தோலா, இடித்த பசுங்கீரை 8 தோலா, எலுமிச்சை 6, தேன் 2 அவுன்சு என்பது அவர் வெளியிட்ட நாளுணவின் அளவு. சமையல் வேலை குறைதலும் அதனால் மகளிர்க்கு ஓய்வு கிடைத்தலும் அவர் கருதிய பயன்களுட் சில. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் வயிற்றுக்கடுப்புற்று அதனை நிறுத்தினார். நிறுத்தியதையும் மறையாது தம் இதழிலே எழுதினார். வெற்றியைப் போலவே தோல்வியையும் உலகறியச் சொன்ன அந்நேர்மை, இன்று உணவு பற்றிப் பேசுவோர் யாவரும் கைக்கொள்ளற்பாலது.

தமிழ்நாட்டில் இயற்கை மருத்துவத்தைப் பரப்பியவருள் புதுக்கோட்டை இலக்குமண சர்மா குறிக்கத்தக்கவர். அவர் இரமண முனிவரின் அணுக்கத் தொண்டர். ‘உள்ளது நாற்பது’ என்னும் நூலை அம்முனிவரிடமே பாடங்கேட்டு வடமொழியில் ஆக்கியவர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மூ. இராமகிருட்டிணன் என்பார், கடனாநதி பாயுஞ் சிவசைலத்தில் நல்வாழ்வு ஆசிரமத்தை நிறுவி, தேங்காயும் கனியுமாகிய இயற்கையுணவைத் தென்பாண்டி நாட்டில் பலரறியச் செய்தார். பாளையம்பட்டி இளைஞர் போல்வார் இந்நாளிற் பேசுவன பெரும்பாலும் இவ்வழி வந்தனவே.

இரமண முனிவர் பிறந்த ஊர் திருச்சுழி. அது பாளையம்பட்டிக்குச் சில கல் தொலைவினதே. சுந்தரமூர்த்தி நாயனார் திருப்பதிகம் பெற்ற தலம். 1879-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள் தோன்றிய அம்முனிவர், ‘நானார்’ என்னும் உரையில், நியமங்கள் யாவற்றுள்ளும் மிதமான சாத்துவிக உணவை உட்கொள்ளலாகிய நியமமே சிறந்ததென்னும் பொருள்படக் கூறினார். மிதம் என்னும் அளவையும் சாத்துவிகம் என்னும் குணத்தையும் அவர் கூறினாரன்றி, பச்சை, வெந்தது என்னும் பிரிவைக் கூறிற்றிலர். அம்மட்டோ! திருவண்ணாமலையில் பல்லாண்டு வைகறையிலெழுந்து அடுக்களை புக்குக் காய்நறுக்கியும் துவையலரைத்தும் அடியவரோடு சமையற்பணி செய்தார். ஞானியரும் அடுப்பை வெறுத்திலர் என்பதற்கு, அத்திருச்சுழி மண் தந்த சான்று இது.

இனி, இந்நிலத்து மக்கள் உணவை நோக்குவாம். ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியிருக்குங் கரிசற்காடு இது. கம்பு, சோளம், கேழ்வரகு, குதிரைவாலி என்பன விளைவன. பால்பிடித்த கம்பங்கதிரைக் கையிற் கசக்கி ஊதி உண்டலும், பச்சைக்கடலையைச் செடியோடு பிடுங்கித் தின்றலும், வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும் இலந்தைப்பழமும் உண்டலும் இங்குள்ளார்க்குப் புதுவதன்று. ஆயின் அவை அவ்வப் பருவத்தன. ஆண்டு முழுதுந் தாங்குவது குதிரிலிட்ட தவசமே. அது தீயும் நீரும் பட்டாலன்றி வயிற்றிற்கு ஆகாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தில், தவசமற்ற ஏழையர் இலையையும் கிழங்கையும் தேடித் தின்று உயிர்தாங்க முயன்றனர். அவர்க்கு அது நோன்பன்று, இடுக்கண். ஒருவர் விரும்பித் தெரிந்துகொள்ளும் உணவை, வேறுவழியில்லார்மேல் அறமென்று சுமத்துதல் முறையன்று. வாதுமையும் வெளிநாட்டுக் கனியும் விலைகொடுத்து வாங்கவல்லார் உண்பதே தூய்மையென்றால், கூழுண்டு தறிநெய்வாரும் ஏருழுவாரும் தூய்மையற்றவராவரோ? திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் படிக்காசு பெற்று அடியார்க்குச் சோறிட்டமையை மறவற்க.

அங்ஙனமாயின் இளைஞர் கொள்கையில் நலமே இல்லையோவெனின், மிக உண்டு. காயையும் கனியையும் நாடோறும் 400 கிராமுக்குக் குறையாது உண்ணல் வேண்டுமென உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. நம்மவர் பலர் இலையில் மலைபோற் சோறும் அதனருகே நகக்கண்ணளவு கறியும் கொள்கின்றனர். உழைப்புக் குன்றிய இந்நாளில் நீரிழிவும் குருதியழுத்தமும் பெருகுதற்கு இதுவும் ஒரு காரணம். கொதிக்கவைத்து நீரை வடிக்குங்கால் வைட்டமின் சி முதலிய சத்துக்கள் அழிகின்றன, கரைந்தும் போகின்றன. முளைகட்டிய பாசிப்பயறும் வெள்ளரியும் கொய்யாவும் நெல்லியும் பச்சையாக உண்ணின் அவை கிடைக்கும்.

ஆயினும் மறுபுறமும் உளது. காரட்டு, தக்காளி முதலியவற்றின் நிறச்சத்துக்களை உடம்பு ஏற்றுக்கொள்ளுதல் வேகவைத்தவழி மிகுகின்றது. மரவள்ளிக்கிழங்கிலும் சில அவரையினப் பயறுகளிலும் உள்ள நச்சுப்பொருள் சமைத்தாலன்றி நீங்காது. செருமனி நாட்டில் நெடுங்காலம் பச்சையுணவே கொண்டாரை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டோர், உண்ணும் பச்சையுணவின் பங்கு மிகமிக உடல் எடை குறைந்தமையையும், 45 வயதிற்குட்பட்ட மகளிருள் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேர்க்கு மாதவிலக்குத் தவறியோ நின்றோ இருந்தமையையும் கண்டனர். வைட்டமின் பி 12 செடிகொடிகளிலிருந்து தக்கவாறு கிடைப்பதன்று. பாலும் தயிரும் கொள்ளும் சைவர்க்கு அது ஓரளவு கிடைக்கும். அவற்றையும் விட்டார் மருந்தாகவேனும் கொள்ளல் வேண்டும். சிறுநீரக நோயுடையார்க்குத் தேங்காயிலும் வாழைக்கனியிலும் பச்சைக்காயிலும் மிகுந்துள்ள பொட்டாசியம் உயிர்க்கே கேடாகலாம். நீரிழிவிற்கு மருந்துண்பார், உணவை மாற்றுமுன் மருத்துவரைக் கேளாது மருந்தை நிறுத்துதல் பெரும் பிழை. பச்சையாய் உண்பன தூயநீரிற் பலகாற் கழுவப்படுதலும் இன்றியமையாதது. கழுவாவழி வயிற்றுக்கடுப்பும் குடற்காய்ச்சலும் புழுவும் பற்றும்.

இவற்றையெல்லாம் சித்தாந்த நோக்கிற் பொருத்திக் காண்பாம். தனு கரண புவன போகங்கள், ஆன்மாவின் மலநீக்கத்தின்பொருட்டு இறைவனால் தரப்பட்டன. உடம்பு கருவி, உணவு அக்கருவியை நிறுத்துவது. கருவியைப் பழுதுறாது காத்தல் கடமையென்று திருமூலர் வற்புறுத்துகின்றார். அற்றது அறிந்து அளவோடு உண்ணுதலை வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தே வைத்தார். ஆதலின் தம் உடற்கு இசைவதை ஆராய்ந்து உண்ணும் இளைஞர் செயல் குற்றமாகாது. ஆயின் அதனை முத்திக்கு வழியென்றும், பிறர் உணவு தூய்மையற்றதென்றும் கூறியவழி, அது உணவைவிட்டு ஆணவத்தை உண்டதாக முடியும். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழப் பணிக்கின்றது. மாகேசுர பூசை அத்தொழுகையின் பாற்பட்டது. அங்கு வழிபடப்படுபவர் உண்ணும் அடியார், உணவன்று. அடியார் உடல்நலம் வினவி, அவர்க்கு இதமானதை இடுதலே இளையான்குடி மாறனார் காட்டிய நெறி. ஏற்றதை மட்டும் உண்டு ஏலாததை வணங்கித் தவிர்த்தாரைச் சிவநிந்தையுடையாரென வைதது, நிந்தையினும் கொடிது.

ஆதலின் பாளையம்பட்டி அன்பர்க்கு யாம் விடுக்கும் விண்ணப்பம் இது. அம்முதியவரே இளைஞர் இல்லத்திற்குச் சென்று அவரை வழிபாட்டிற்கு அழைத்தல் வேண்டும். மூத்தார் முன்வரின் இளையார் மறார். இளைஞரும், அடுத்த குருபூசையில் ஒருபிடி அன்னமேனும் பிரசாதமென்று ஏற்று, எஞ்சியதற்குக் கனி கொள்வாராக. பூசை நிகழ்த்துவோர் இனிச் சோற்றைச் சிறிது குறைத்து, கழுவித் தூய்மைசெய்த வெள்ளரியும் முளைப்பயறும் கனியும் எல்லார் இலையிலும் இடுவாராக. காரைக்காலம்மையார் இட்ட இலையும் அத்தகையதே. அன்னமும் கனியும் ஓரிலையில் அமைந்தாற்போல, முதியவரும் இளைஞரும் ஒரு பந்தியில் அமர்ந்து திருவைந்தெழுத்தோதி உண்பது கண்டு அடியார் கூட்டம் மகிழ்வதாக.

திருச்சிற்றம்பலம்