பாக்ட்ரோசெரா டார்சாலிஸ்: பெயர்ச் சிக்கல்

மா, கொய்யா, பப்பாளி முதலிய பழங்களைத் துளைத்து முட்டையிடும் கீழைப் பழ ஈயின் அறிவியல் பெயர் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். தைவானில் பிடிபட்ட ஈக்களைக் கொண்டு ஹென்டல் 1912இல் இதற்கு டார்சாலிஸ் என்று பெயரிட்டார். இதற்கும் மூத்த பெயர் ஒன்று உண்டு: ஃபப்ரீசியஸ் 1794இல் வைத்த மஸ்கா ஃபெருஜீனியா. ஆனால் ஸ்கோபோலி 1763இலேயே அதே பெயரை வேறோர் ஈக்கு வைத்துவிட்டதால் அது செல்லாமற் போயிற்று.

பெரிய சிக்கல் பிற்காலத்தது. டார்சாலிஸை ஒத்த ஆசிய ஈக்களை ஆராய்ந்த ட்ரூவும் ஹான்காக்கும் 1994இல் 40 புதிய இனங்களை விவரித்தனர். பப்பாயே, பிலிப்பினென்சிஸ், கராம்போலே ஆகியவை அவற்றுள் அடங்கும். 2003இல் கென்யாவில் தென்பட்டு ஆப்பிரிக்காவில் மளமளவெனப் பரவிய ஈ, இலங்கை ஈக்களோடு ஒப்பிடப்பட்டு, 2005இல் இன்வேடன்ஸ் என்னும் புதிய இனம் ஆயிற்று.

பிரிக்கக் கொண்ட அடையாளங்கள் மிக நுண்ணியவை. பெண் ஈயின் முட்டையிடும் ஊசி டார்சாலிஸில் சுமார் 1.5 மி.மீ.; பப்பாயேயில் 2 மி.மீ.யை ஒட்டி வரும். கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவுதான். ஆனால் தாய்லாந்திலிருந்து மலாய்த் தீபகற்பம் நெடுகப் பிடித்த ஈக்களில் இனப்பெருக்க உறுப்பின் அளவு சிறுகச் சிறுகவே மாறுகிறது. எங்கே கோடு கிழிப்பது? இன்வேடன்ஸின் முதுகு நிறமும் செம்பழுப்பிலிருந்து கறுப்புவரை ஓடுகிறது. கூண்டில் சேர்த்து விட்டபோது டார்சாலிஸும் இந்தப் புதிய இனங்களும் தாராளமாக இணைசேர்ந்தன. ஆண் ஈக்களை ஈர்க்கும் மெத்தில் யூஜினால் என்னும் வேதிப்பொருளைத் தின்ற ஆண்கள் வெளிவிடும் கவர்ச்சிப் பொருள்களும் ஒத்திருந்தன. கராம்போலே மட்டும் விலகி நின்றது.

2015இல் ஷூட்ஸி குழுவினர் பப்பாயே, பிலிப்பினென்சிஸ், இன்வேடன்ஸ் மூன்றும் டார்சாலிஸே என்று அறிவித்தனர். ட்ரூ இதை ஏற்கவில்லை. 2016இல் ரோமிக்குடன் எழுதிய நூலில் பப்பாயேயையும் இன்வேடன்ஸையும் மீண்டும் தனி இனங்களாக்கினார். மறுதரப்பு 2017இல் பதிலளித்தது. உருவம், மரபணு, இணைசேர்க்கை என எல்லாச் சான்றும் ஒரே பக்கம் சாய்வதால் ஓரினக் கருத்தே வலுவானது. பெரும்பாலோர் அதையே பின்பற்றுகின்றனர்.

இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. தன் நாட்டில் இல்லாத ‘தனி இனம்’ என்றால் இறக்குமதி நாடு பழத்தைத் தடுக்கும். மலட்டு ஆண் ஈக்களை விட்டுக் கட்டுப்படுத்தும் முறையும் எது எதனோடு கூடும் என்பதைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் வட்டாரத்தில் 1995இல் கண்டறியப்பட்டு, 1999இல் ஒழிக்கப்பட்ட ஈ அப்போது பப்பாயே என்றே பதிவாயிற்று. தென்னிந்திய மாந்தோப்புகளின் மெத்தில் யூஜினால் பொறியில் டார்சாலிஸுடன் கேரியே என்னும் இனமும் விழுகிறது; 2015ஆம் ஆண்டு இணைப்பு அதைத் தொடவில்லை. ஆப்பிரிக்க மா பற்றிய 2005–2014 ஆய்வுகளைத் தேடுவோர் இன்றும் இன்வேடன்ஸ் என்ற பெயரிலேயே தேடவேண்டும்.