விளம்பரம் ஏற்காத கலைக்களஞ்சியம்: விக்கிப்பீடியாவின் செலவு வரலாறு

1902 இல் யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதானகோசம்’ வெளிவந்தது. 1910 இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதானசிந்தாமணி’ பாண்டித்துரைத் தேவரின் துணையோடு அச்சேறியது. 1954 முதல் 1968 வரை தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் ‘கலைக்களஞ்சியம்’ பத்துத் தொகுதிகளாக வந்தது. இம்மூன்றின் பின்னணியிலும் பணமுடை பற்றிய ஒரு கதை உண்டு. எனினும் தாளுக்கும் அச்சுக்கும் உரிய கூலி தீர்ந்ததும் அக்கதை முடிந்துவிடும். நூல் அலமாரியில் இருக்கும். நூறு பேர் புரட்டினாலும் ஆயிரம் பேர் புரட்டினாலும் பதிப்பித்தவருக்கு மேலும் செலவில்லை. இணையத்தளமாக அமைந்த கலைக்களஞ்சியத்தின் இயல்பு இதற்கு மாறானது. அதனை ஒருவர் திறக்குந்தோறும் எங்கோ ஒரு கணினி விடையளித்தல் வேண்டும். புகழ் பெருகப் பெருகச் செலவும் பெருகும். வாசிப்போரோ எதுவுங் கொடுப்பதில்லை. இச்செலவை யார் பொறுப்பது, பொறுப்பவருக்கு அதன்மேல் என்ன உரிமை என்னும் வினாக்கள் விக்கிப்பீடியாவின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து எழுந்து வந்துள்ளன.

விக்கிப்பீடியா ஓர் அறநிலையத்தில் பிறந்ததன்று. ஜிம்மி வேல்ஸ் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் நடத்திய ‘போமிஸ்’ என்னும் அமெரிக்கக் கொம்பனி, இணைய விளம்பர வருவாயை நம்பி இயங்கியது. அக்கொம்பனி 2000 மார்ச்சில் ‘நூபீடியா’ என்னும் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கி, லரி சாங்கர் என்பாரைச் சம்பளத்துக்கு ஆசிரியராக அமர்த்தியது. அறிஞர் எழுதிய கட்டுரைகள் ஏழு படிகளிலே பரிசீலிக்கப்பட்டன. பயன் யாதெனின், அது மூடப்பட்ட 2003 வரையில் முற்றுப்பெற்ற கட்டுரைகள் இரண்டு டசினளவே. அதற்குத் துணையாக 2001 சனவரி 15 இல் யாரும் எழுதலாம் என்னும் முறையில் திறக்கப்பட்ட விக்கிப்பீடியாவோ சில மாதங்களில் மூலத்தை விழுங்கி வளர்ந்தது. எழுதியோருக்குச் சம்பளமில்லை, கணினியும் இணைப்பும் போமிஸின் செலவு. அதே காலத்தில் இணைய வணிகங்கள் பல சரிந்தன. விளம்பர வருவாய் வற்றியது. 2002 இன் தொடக்கத்தில் சாங்கரின் சம்பளத்துக்கு வழியில்லாது போயிற்று.

இந்நிலையிலேதான் இவ்வரலாற்றின் முக்கியமான நிகழ்ச்சி இடம்பெற்றது. 2002 பெப்ரவரியில், விக்கிப்பீடியாவிற் சில மாதங்களுள் விளம்பரங்கள் இடம்பெறக் கூடும் என்றும், அவ்வருவாய் வந்தால் தாம் மீண்டும் பணியிலமரலாம் என்றும் சாங்கர் எழுதினார். சம்பளமிழந்த ஒருவர் அவ்வாறு எண்ணியதிற் பெருங்குற்றம் காண்பதற்கில்லை. ஆயின் ஸ்பானிய மொழிப் பிரிவில் எழுதி வந்தோர் அதனை வேறுவிதமாகக் கொண்டனர். தாம் கூலியின்றி எழுதியதை வைத்துப் பிறிதொருவர் இலாபம் ஈட்டுவதா என்பது அவர்கள் கேள்வி. எட்கர் எனியெடி என்பார் முன்னின்ற இக்குழுவினர், தாம் எழுதிய கட்டுரைகளைப் படியெடுத்துக்கொண்டு, ஸ்பெயினின் செவில்யா பல்கலைக்கழகம் இடமளித்த கணினியில் அம்மாத இறுதியில் ‘என்சிக்ளோபீடியா லிப்ரே’ என்னும் புதிய களஞ்சியத்தைத் தொடங்கினர். கட்டுரைகள் யாவும் எவரும் படியெடுக்கவும் மாற்றவும் இடந்தரும் கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருந்தமையால் அவர்களைத் தடுக்கச் சட்டத்தில் வழியில்லை. கணினி கொம்பனியின் சொத்து, எழுத்து அவ்வாறன்று. அரச பல்கலைக்கழகமொன்று ஒரு கணினியை ஒதுக்கியதால் ஒரு மொழியின் எழுத்தாளர் கூட்டம் வணிகக் கொம்பனியொன்றின் கைவிட்டு நீங்க முடிந்தது என்பது, பல்கலைக்கழகத்தார் ஊன்றி நோக்கற்பாலது.

பிரிந்த களஞ்சியம் இரண்டாண்டுக்கு மேலாக மூலத்தின் ஸ்பானியப் பிரிவினும் பெரிதாக விளங்கிற்று. 2004 இன் பிற்பகுதியிலேதான் மூலம் அதனை முந்தியது. இடைப்பட்ட காலத்தில் மூலமும் மாறியிருந்தது. 2002 இல் வேல்ஸ் விளம்பரம் இடம்பெறாது என்றார்; முகவரியும் வணிகத்துக்குரிய ‘.கொம்’ இலிருந்து பொது நிறுவனங்களுக்குரிய ‘.ஓர்க்’ இற்கு மாற்றப்பட்டது. 2003 யூன் 20 இல் விக்கிமீடியா நிறுவனம் இலாப நோக்கற்ற அமைப்பாகப் புளோரிடாவிற் பதிவாயிற்று. இம்முடிவுகளுக்கு ஸ்பானியரின் பிரிவொன்றே காரணம் என்பது மிகைக்கூற்றாகும். எனினும் விளம்பரத்தின் விலை எழுத்தாளரை இழத்தல் என்பதை அப்பிரிவு கண்கூடாகக் காட்டிவிட்டது.

விளம்பரம் விலக்கப்பட்டபின் எஞ்சியது கொடை. நிறுவனத்தின் முதலாண்டு வரவு 80,129 டொலர். செலவு 23,463 டொலர். இத்துணைச் சிறு தொகையில் அத்தளம் எவ்வாறு இயங்கிற்று என்பதற்கு விடை அதன் தொழில்நுட்ப அமைப்பிலும் உண்டு. வருவோருட் பெரும்பாலோர் வாசிப்பவரே, எழுதுவோர் சிலர். எனவே ஒருமுறை ஆக்கிய பக்கத்தின் படியை இடைக்கணினிகளிற் சேமித்து வைத்து, வாசிப்பவருக்கு அப்படியையே வழங்கினால், தரவுத்தளத்தைத் தாங்கும் மூலக் கணினியின் சுமை பெரிதும் குறையும். இதற்கான மென்பொருளும் விலையின்றிக் கிடைத்தது. 2005 இல் யாகூ கொம்பனி கொரியாவிற் கணினிகளை வழங்கிற்று. நெதர்லாந்தின் கென்னிஸ்நெற் என்னும் கல்விசார் அமைப்பு அம்ஸ்ரடாமில் இடமளித்தது.

2007 இல் நிறுவனம் சன் பிரான்சிஸ்கோவுக்கு இடம்பெயரத் தீர்மானித்தது முதல் கணக்கேட்டின் உருவமே மாறியது. 2008 இல் சுலோன் நிதியம் 30 இலட்சம் டொலரும், 2010 இல் கூகிள் 20 இலட்சம் டொலரும் அளித்தன. ஆயினும் பெருநிதி இவற்றால் வந்ததன்று. 2010 இன் இறுதியில் வேல்ஸின் முகம் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தோன்றி உதவி கேட்டபோது, ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் 160 இலட்சம் டொலர் வழங்கினர். சிறுதுளி பெருவெள்ளமான இம்முறை, எந்தத் தனிக் கொடையாளரும் கட்டளையிட இயலாத நிலையைத் தந்தது. புரவலர் காலத்து நூலாசிரியர் எவருக்கும் வாய்க்காத சுதந்திரம் அது.

சுதந்திரத்தோடு சோதனையும் வந்தது. 2022-23 நிதியாண்டில் நிறுவனத்தின் வரவு ஏறத்தாழ 18 கோடி டொலர்; செலவு ஏறத்தாழ 16 கோடியே 90 இலட்சம். இச்செலவிற் கணினிகளை இணையத்தில் இயக்குவதற்கான கட்டணம் ஏறத்தாழ 31 இலட்சம், அதாவது ஐம்பதில் ஒரு பங்கினுங் குறைவு. சம்பளமோ 10 கோடிக்கு மேற்பட்டது. தளத்தை எழுதியோர் இன்னமும் கூலியின்றியே எழுதினர். தளம் அழியும் ஆபத்தில் இருப்பது போன்ற தொனியில் வேண்டுகோள்கள் எழுதப்படுவதை ஆங்கிலப் பிரிவின் தன்னார்வலர் எதிர்த்தனர். 2022 நவம்பரில் நடந்த விவாதத்தில் அச்சொற்கள் ஏற்கத்தக்கனவல்ல என்று பெரும்பான்மையோர் கருதவே, நிறுவனம் வாசகங்களை மாற்ற வேண்டியதாயிற்று. அவ்வாண்டின் நடுப்பகுதியில் நிறுவனத்தின் நிகரச் சொத்து 23 கோடி டொலரைத் தாண்டியிருந்தது. அதற்குப் புறம்பாக 2016 இல் நிறுவப்பட்ட நிலைநிதியும் 10 கோடி டொலரைக் கடந்திருந்தது.

இதனை வெறும் ஊதாரித்தனம் என்று ஒதுக்குதல் நியாயமாகாது. கணினிக் கட்டணம் மாத்திரம் ஒரு தளத்தைக் காப்பதில்லை. மென்பொருளைப் பேண வேண்டும். வழக்குகளுக்கு முகங்கொடுக்க வேண்டும். 2024 இல் இந்தியச் செய்தி முகவரகமொன்று தில்லி உயர் நீதிமன்றத்தில் விக்கிமீடியாமேல் வழக்குத் தொடுத்தபோது, வழக்கறிஞர்க்குப் பணமற்ற அமைப்பொன்று என்செய்திருக்கும் என்பது எண்ணத்தக்கது. எனினும் தேவை உண்மையாயின் அதனை உள்ளவாறே கூறிக் கேட்டிருக்கலாம். இலட்சக்கணக்கானோர் தந்த சிறு தொகைகள், தளம் மூடப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தினாற் பெறப்பட்டனவாயின், அவ்வரவைக் கொடை என்று சொல்லத் தயக்கம் எழுகின்றது.

2021 இல் நிறுவனம் இன்னொரு வழியையும் திறந்தது. கலைக்களஞ்சியத்தின் தரவுகளைப் பேரளவில் விரைந்து பெற விரும்பும் கொம்பனிகளிடமிருந்து கட்டணம் பெறும் அச்சேவையின் முதல் வாடிக்கையாளருள் ஒன்றாகக் கூகிள் 2022 இல் இணைந்தது. 2002 இல் வாயிலில் நிறுத்தப்பட்ட வணிகம் இருபதாண்டின் பின் பின்கதவால் நுழைந்ததெனச் சிலர் கூறலாம். இலவசமாக எடுத்து இலாபம் கண்டவர் இப்போதாவது ஏதோ தருகின்றனர் என்று கூறுதலும் பொருந்தும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்ரெம்பரில் தோன்றியது. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அதன் தொடக்க கால வளர்ச்சிக்கு உழைத்தோருள் முதன்மையானவர். 2017 இல் அது ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அதனைத் தாங்கும் கணினிகளின் செலவிற் பெரும்பங்கு பிறநாட்டு வாசகரின் கொடையிலிருந்தே வந்தது. தமிழ் எழுத்தாளர் செலவிட்டது தம் மாலை வேளைகளை; அச்செலவு எந்த ஆண்டின் கணக்கேட்டிலும் பதியப்படவில்லை.