பிரம்பும் சட்டமும்: பாடசாலைக் காவலின் வரலாறு

பாடசாலைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் கட்டடங்களையும் அதிபர்களையும் பரீட்சைப் பேறுகளையுமே எழுதுவர். அங்குக் கற்ற பிள்ளையின் உடலும் உள்ளமும் எத்தகைய காவலில் இருந்தன என்பதை ஆராய்ந்தோர் சிலரே. அரசு பிள்ளையைப் பாடசாலைக்கு வரும்படி கட்டாயப்படுத்திய நாள் தொட்டு, அங்கே அதற்கு நேரும் நன்மை தீமைகளுக்கு அரசும் பொறுப்பாகின்றது. இப்பொறுப்பை இலங்கைச் சட்டம் எவ்வாறு படிப்படியாக ஏற்றது என்பதையும், எதனை ஏற்கத் தயங்கியது என்பதையும் நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆங்கிலர் ஆட்சிக்கு முன்னர் தமிழ்ப் பிள்ளைகள் கற்ற திண்ணைப் பள்ளிக்கூடத்திற்கு எழுதிய சட்டம் எதுவும் இருந்ததில்லை. ஆசிரியரின் சொல்லே அங்குச் சட்டம். குட்டுதல், தோப்புக்கரணம், பிள்ளையைக் கயிற்றிலே தொங்கவிடும் கோதண்டம் முதலிய தண்டனைகள் அங்கே வழங்கின. ஆயின் இவற்றைத் தமிழ் மரபின் முழு உருவம் எனக் கொள்ளுதல் தவறு. நன்னூலார் நல்லாசிரியரை நிலத்திற்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டார். அவ்வுவமைகளுள் பிரம்பு இல்லை. மரபு வேறு, வழக்கம் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

ஆங்கிலச் சட்டம் இவ்வழக்கத்தை நீக்கவில்லை. அதற்கு அரண் அமைத்தது. 1860 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோமஸ் ஹொப்லி என்னும் ஆசிரியர் தம் மாணவனை அடித்துக் கொன்ற வழக்கு நிகழ்ந்தது. ஆசிரியர் தண்டிக்கப்பட்டாராயினும், அளவோடும் நியாயத்தோடும் தண்டிக்கும் உரிமை பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உண்டு என்னும் கொள்கையை அவ்வழக்கு உறுதி செய்தது. அதே 1860 இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி, 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை இலங்கையில் ஆக்கப்பட்டது. அதன் 341 ஆம் பிரிவிற்குத் தரப்பட்ட உதாரணம் ஒன்று, ஆசிரியர் தம் நியாயமான விருப்புரிமைக்கு அமைய மாணவனை அடிப்பாராயின் அது குற்றமுறையான வலுப்பிரயோகம் அன்று என்கின்றது. ஆகவே பாடசாலையைப் பற்றிச் சட்டம் முதன்முதலாகப் பேசியபோது பிள்ளையின் முதுகைக் காக்கவில்லை. ஆசிரியரின் கையையே காத்தது.

பின்னர் வந்தது கட்டாயக் கல்வி. 1906 இல் நகரப் பாடசாலைகளுக்கும் 1907 இல் கிராமப் பாடசாலைகளுக்கும் கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. 1939 ஆம் ஆண்டில் ஒன்றோடொன்று தொடர்புடைய இரு கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் பாடசாலையின் நிருவாகத்தை வகுத்தது. 48 ஆம் இலக்கச் சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டம் பிள்ளைக்குக் கொடுமை இழைத்தலைக் குற்றமாக்கியது. இதன் 71 ஆம் பிரிவில் அக்கொடுமையின் விளைவுகளுள் உளப்பிறழ்வும் எண்ணப்பட்டமை குறிப்பிடத்தக்கது. ஆயினும் அதே பிரிவின் 6 ஆம் உட்பிரிவு, பெற்றோரும் ஆசிரியரும் தண்டனை வழங்கும் உரிமையை இது பாதிக்காது என விலக்களித்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் மீட்டுக்கொண்ட சட்டம் இது எனலாம். 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது வறியோரின் பிள்ளைகளும் பெருந்தொகையாக வகுப்பறை புகுந்தனர். அவர்களுடன் பழைய பிரம்பும் புகுந்தது.

ஐக்கிய நாடுகள் சபை 1989 இல் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்புறுதி செய்தது. அதன்பின் சட்டத்தின் போக்கு மாறலாயிற்று. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், சிறுவர்க்குக் கொடுமை இழைத்தலைத் தண்டனைச் சட்டக்கோவையிலேயே 308அ என்னும் புதிய பிரிவாகச் சேர்த்தது. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை நிறுவப்பட்டது. 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புதுமுக மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அதனால் எழுந்த துயரமும் சீற்றமும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டத்தைப் பிறப்பித்தன. உடற்காயத்தோடு உளக்காயத்தையும் மனவேதனையையும் அச்சத்தையும் அச்சட்டம் பகிடிவதையின் வரைவிலக்கணத்துள் அடக்கியது. மாணவரின் மனவேதனை சட்டத்தின் கண்ணுக்குத் தெளிவாகத் தென்பட்டது இங்கேதான்.

அதே 1998 இல் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பிரிவும் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டது. உயிரை வெறுத்தவர் மருத்துவமனையிலிருந்து நீதிமன்றத்திற்கு இழுக்கப்படும் நிலை அதனால் ஒழிந்தது. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் நூறாயிரம் பேருக்கு 47 ஆக உயர்ந்திருந்தது. கொடிய நச்சுப் பூச்சிகொல்லிகளின் இறக்குமதி தடுக்கப்பட்டதன் பின், பத்தாண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வயலும் மருந்துப் போத்தலும் வீட்டோடு வாழும் அம்பாறை போன்ற மாவட்டத்தார் இதன் பொருளை எளிதில் உணர்வர். சட்டம் மனிதர் மனத்தைத் திருத்தவல்லதன்று என்பார்க்கு இது தக்க விடையாகும். மனம் தளர்ந்த கணத்தில் கைக்கெட்டும் ஆபத்தை அகற்றவாவது சட்டத்தால் இயலும்.

அம்பாறைக் கரையின் வரலாற்றில் 2004 டிசம்பர் 26 மறக்கவொண்ணாத நாள். ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுந்த உயிரிழப்பு நேர்ந்தது இம்மாவட்டத்திலேயாகும். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் எனக் கரையோர ஊர்கள் சிதைந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமையும் பூரணை நாளுமாதலின் வகுப்பறைகள் வெறுமையாயிருந்தன. அது பாடசாலை நாளின் காலையாயிருந்தால் விளைவு யாதாயிருக்கும் என எண்ணவும் நெஞ்சு நடுங்கும். 2005 மே மாதத்தில் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. அதே மாதத்தில் கல்வி அமைச்சு 2005/17 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தால் பாடசாலையில் உடல் தண்டனையைத் தடுத்தது.

இங்கு ஒரு வேறுபாட்டை மாணவர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். சட்டம் பாராளுமன்றத்தின் ஆணை. சுற்றுநிருபம் நிருவாகத்தின் அறிவுறுத்தல். சுற்றுநிருபத்தை மீறிய ஆசிரியர் ஒழுக்காற்று விசாரணைக்கு உட்படுவர். ஆயின் 1883 இன் உதாரணமும் 1939 இன் விதிவிலக்கும் அதனால் அழிந்துபடா. இவ்விடைவெளியை நீதிமன்றமே ஓரளவு நிரப்பியது. ஆசிரியர்கள் மாணவரைத் தாக்கிய வழக்கொன்றில் 1995 இலும், ஆசிரியர் அறைந்து மாணவரின் செவி பழுதுற்ற வழக்கொன்றில் 2021 இலும், அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் தீர்த்தது. பிந்திய வழக்கில் ஆசிரியரோடு அரசும் நட்டஈடு செலுத்தும்படி ஆணையிடப்பட்டது. 2025 இல் உடல் தண்டனையைத் தடுக்கும் நோக்குடன் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. சுவீடன் 1979 இலேயே வீட்டிலும் பாடசாலையிலும் அடித்தலை விலக்கியது. இலங்கைக்குப் பிரம்புச் சட்டம் தந்த இங்கிலாந்தோ தன் அரசாங்கப் பாடசாலைகளில் 1987 முதல் அதனைக் கைவிட்டது.

அண்டைத் தமிழகத்தின் அனுபவமும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. தமிழக அரசு 2003 இல் தன் கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனையை விலக்கியது. அடுத்த ஆண்டு ஜூலை 16 ஆம் நாள் கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளியொன்றில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அத்துயரினின்று எழுந்த வழக்கில் 2009 இல் இந்திய உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையுள் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையும் அடங்கும் எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் இந்தியக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் ஒரே பிரிவில் தடை செய்தது. கூரையும் கதவும் பிரம்பும் கடுஞ்சொல்லும் ஒரே காவலின் பகுதிகள் என்பது இவற்றால் விளங்கும்.

இக்காவல் பாடசாலை வாயிலோடு முடிவதன்று. நாவிதன்வெளிப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள சொறிக்கல்முனையை எடுத்துக்கொள்வோம். திருச்சிலுவைத் திருத்தலத்தால் அறியப்பட்ட இவ்வூரையும் அயலூர்களையும் கல்முனையோடு இணைக்கும் வழியில் கிட்டங்கித் தாம்போதி உள்ளது. மாரியில் வெள்ளம் அதனை மேவிப் பாய்தலும், மாணவரும் ஆசிரியரும் நீரில் இறங்கிக் கடத்தலும் நெடுங்கால வழக்கு. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவுக்கு அண்மையில் மாவடிப்பள்ளி வீதியில், விடுமுறைக்கு வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டது. மாணவர் அறுவர் உயிரிழந்தனர். வழி பாதுகாப்பற்றதெனில் பாடசாலையை எப்போது மூடுவது, பிள்ளைகளை யார் பொறுப்பில் அனுப்புவது என்பவற்றை ஒருவரின் துணிபுக்கு விடுதல் போதாது என்பதை அந்நாள் உணர்த்திற்று.

தப்பிய மாணவரின் உள்ளம் யாது ஆகும்? போரும் பேரலையும் வெள்ளமும் கண்ட இக்கரையில் இவ்வினா புதியதன்று. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட ஆங்கில நூல், போர் தமிழர் உளத்தில் இட்ட வடுக்களை ஆராய்ந்தது. இத்தகைய வடுவை வகுப்பறையில் முதலிற் காண்பவர் ஆசிரியரே. படித்த பிள்ளை படிக்காதிருத்தலும், பேசிய பிள்ளை பேசாதிருத்தலும் அவருக்கே தெரியும். முன்னாளில் அதற்குக் கிடைத்த மருந்து பெரும்பாலும் பிரம்படியாயிருந்தது.

பிரம்பை நீக்கினால் ஒழுக்கம் குலையும் என்று அஞ்சும் ஆசிரியர் பலர் உளர். அவ்வச்சத்தை எள்ளுதல் தகாது. நெருக்கமான வகுப்பறையில், துணையின்றி நிற்கும் ஆசிரியரிடம் ஒரு கருவியைப் பறித்து வேறொன்றும் கொடாதிருப்பின் அவர் தளர்வது இயல்பே. ஆதலின் தடை செய்யும் சட்டத்தோடு துணை செய்யும் சட்டமும் வருதல் வேண்டும்.

இதுவரை கண்ட வரலாற்றில் ஓர் உண்மை தெளிவாகின்றது. உளப்பிறழ்வு என 1939 இலும், மனவேதனை என 1998 இலும் சட்டம் பிள்ளையின் மனத்தைக் குறிப்பிட்டது. எனினும் அது காயமுற்ற பின், குற்றவாளியைத் தண்டிக்கும் பொருட்டே குறிப்பிட்டது. காயமுறுமுன் பேணும் கடமையைச் சட்டமாக்காது சுற்றுநிருபங்களுக்கும் தனியாரின் நல்லெண்ணத்திற்கும் விட்டது. சிறுவர் பாதுகாப்பிற்கு 1929 என்னும் எண்ணும், உளநல உதவிக்கு 1926 என்னும் எண்ணும் உண்டு. ஆயின் அழைக்கத் துணியாத பிள்ளைக்கு அருகில் ஒருவர் வேண்டும்.

எனவே இனி எழும் சட்டம் மூன்றினை விதித்தல் நன்று. முதலாவது, பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரை மாணவர் தொகைக்கேற்ப நியமித்தல்; பாடவேளைச் சுமையோடு இப்பணியையும் ஒருவர் தலையில் ஏற்றலாகாது. இரண்டாவது, பிள்ளை நம்பிச் சொன்னதை இரகசியமாகக் காத்தல். மூன்றாவது, கட்டடத்தையும் வழியையும் ஆண்டுதோறும் மாரிக்கு முன் சோதித்து அறிக்கையிடல். அரசாங்கப் பாடசாலை, தனியார் பாடசாலை, சமயக் கலாசாலை என்னும் வேறுபாடு இவற்றில் இருத்தலாகாது. வெள்ளம் அவ்வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

ஆசிரியரின் கையைக் காத்த சட்டம் பிள்ளையின் உடலைக் காக்க நூறாண்டுக்கு மேல் எடுத்தது. உள்ளத்தைக் காக்க இன்னுமொரு நூறாண்டு செல்லுதல் தகாது. இந்நாளில் கற்கும் மாணவருள் நாளைய சட்டவாக்குநரும் ஆசிரியரும் இருப்பர். கிட்டங்கியைக் கடந்துவரும் பிள்ளையை நினைவிற்கொண்டு அவர்கள் அச்சட்டத்தை எழுதுவார்களாயின், இவ்வரலாற்றின் அடுத்த பகுதி நன்றாக அமையும்.